நடந்து நடந்து உண்டான வழி

(நம் பங்கின் பொன்விழாத் தொடக்க நாள் மாலையில், ஆலய முற்றத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொன்விழாத் தொடக்க நாளில் பங்கின் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் பங்குத்தந்தை எடுத்துச் சொல்வதே வழக்கம். விழாக் குழுவினரும் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் நான் இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்தவன். நீங்களோ இந்தப் பங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அந்த வரலாற்றை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆகவே அதைவிட மூத்த ஒரு வரலாற்றைச் சொல்ல இன்று உங்களிடம் அனுமதி கேட்கிறேன். நம் பேட்டை வழியாக மேற்கே மலையை நோக்கிப் போகிறதே, அந்த வழியின் வரலாறு அது. இதை ஏன் இன்று சொல்கிறேன் என்பதை முடிவில் கூறுவேன். அதில் என் குறை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

முதலில் நம் ஊரின் பெயரை எடுத்துக்கொள்வோம். பேட்டை என்றால் என்ன? நகரத்துக்கு வெளியே வணிகர் வந்து கூடும் இடம். சரக்கு இறங்கும் இடம். சந்தை நடக்கும் இடம். தமிழ்நாட்டில் எத்தனையோ பேட்டைகள் உண்டு. ஓரிடத்துக்குப் பேட்டை என்று பெயர் இருந்தால், அதன் வழியாக ஒரு பாதை போகிறது என்று பொருள். நம் பேட்டையில் நின்று மேற்கே பாருங்கள். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், அதற்கப்பால் பொதிகை மலை. கிழக்கே திரும்பினால் நெல்லை நகரம், பாளையங்கோட்டை, பிறகு ஆதிச்சநல்லூர், திருவைகுண்டம், கொற்கை, கடைசியில் கடல். மலைக்கும் கடலுக்கும் நடுவே, சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற இடத்தில் நாம் குடியிருக்கிறோம்.

பழந்தமிழில் ‘ஆறு’ என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞனை எதிர்ப்பட்டு, ‘இந்த வழியே போ, உனக்கும் கிடைக்கும்’ என்று வழி சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. தான் கண்ட வழியைப் பிறனுக்குச் சொல்லிக் கொடுப்பதை ஓர் இலக்கிய வகையாகவே போற்றியவர்கள் நம் முன்னோர். நம் தாமிரபரணியைப் பொறுத்தவரை அந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே கலந்து நிற்கின்றன. மலையிலிருந்து நீர் இறங்கி வந்த வழியிலேதான் மனிதன் மலைக்கு ஏறிப் போனான்.

அவன் எப்போது ஏறத் தொடங்கினான்? எழுத்து தோன்றுவதற்கு முன்பு வாழ்ந்தவன் கல்வெட்டு வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் கல்லை விட்டுப் போயிருக்கிறான். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் செம்மணல் தேரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேரிகளில் மிகச் சிறிய கற்கருவிகள் கிடைத்துள்ளன. சாய்னர், ஆல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956-இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு கணித்து, இவை ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்றார்கள். விரல் நுனியில் பிடிக்கும் அளவேயான கூர்மையான கல். அதை மரத்திலோ மூங்கிலிலோ பதித்து அம்பாகவும் கத்தியாகவும் ஆக்கிக்கொண்டான். வேட்டையாடி வாழ்ந்தவன் ஓரிடத்தில் தங்குவதில்லை. மான் போகும் இடத்துக்கு அவனும் போவான். நீர் வற்றினால் நீர் உள்ள இடத்துக்குப் போவான். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தேரி மணலில் கல் விளைவதில்லை. பாறை உள்ள இடத்திலிருந்து அதை அவன் எடுத்து வந்திருக்க வேண்டும். இந்தத் தாமிரபரணிச் சீமையில் மனிதன் சுமந்து நடந்த மிகப் பழைய சுமைகளுள், இன்றும் நாம் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியது அந்தக் கல்.

அடுத்து ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே முதலில் அகழ்ந்தார். 1899 முதல் அலெக்சாந்தர் ரீ பெரிய அளவில் அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. வெண்கலம் செய்யச் செம்போடு வெள்ளீயம் சேர வேண்டும் என்று நம் பாத்திரக் கடைக்காரர்கள் அறிவார்கள். அந்த வெள்ளீயம் நம் மாவட்டத்து மண்ணில் கிடைப்பதில்லை. கடல் வழியாகவோ தரை வழியாகவோ, எங்கோ தொலைவிலிருந்து, கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்தது. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வூரில் இரும்பின் பயன்பாடு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று, 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆக, நம் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் தனித்துக் கிடந்தவர்கள் அல்லர். போக்கும் வரத்தும் உள்ளவர்கள்.

இனி மலைக்கு வருவோம். சமவெளியில் வழி கண்டுபிடிப்பது பெரிய காரியம் அன்று. மலையில்தான் வழியின் அருமை தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு வடக்காகச் சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரில் இறைவன் சில வாசல்களை விட்டிருக்கிறார். வடக்கே கோயம்புத்தூருக்கு மேற்கில் பாலக்காட்டுக் கணவாய். நமக்கு அருகில் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று வீசும்போது இந்த வாசல்களை நீங்களே உணரலாம். தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரல் அடிக்கிறதே, அந்தக் காற்று ஆரியங்காவு வழியாகப் புகுந்து வருகிறது. முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றனவே, அவை ஆரல்வாய்மொழி வழியாக வரும் காற்றை நம்பி நிற்கின்றன. காற்று புகுந்த இடத்தில் கால்களும் புகுந்தன.

இவை தவிர, பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் ஏறும் ஒற்றையடித் தடங்களும் உண்டு. மலையின் நெல்லைப் பக்கத்திலும் கேரளப் பக்கத்திலும் காணி மக்கள் வாழ்கிறார்கள். நடுவில் நிற்கும் மலை நமக்குத்தான் எல்லை. அவர்களுக்கு அது ஊர்.

மலைத்தடம் எப்படி உண்டாகிறது என்று பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளத்தாக்கின் அடிப்பகுதி அடர்ந்த காடு. மழைக்காலத்தில் ஓடையும் சேறும் அட்டையும். எதிரே என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மலையின் முதுகோ வெளிச்சமானது; கால் பதிக்கக் கல் தரை; நாலு பக்கமும் பார்வை எட்டும். ஆகவே பழங்கால மனிதன் கூடுமானவரை மலை முதுகைப் பிடித்தே நடந்தான். அவனுக்கும் முன்னே யானை நடந்திருந்தது. அவ்வளவு பெரிய உடம்பைச் சுமந்து ஏறுகிற யானை, சரிவு குறைந்த வழியைப் பார்த்தே போகும். யானை போன வழியே வேட்டைக்காரன் போனான். அவன் போன வழியே ஆடுமாடு மேய்த்தவன் போனான். பிறகு உப்பும் கருவாடும் சுமந்தவன், பிறகு பொதிமாடு, பிறகு வண்டி. ஒருவராலும் போடப்படாத பாதை. எல்லாராலும் ஆக்கப்பட்ட பாதை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. 1991 செப்டம்பரில் ஆஸ்திரியா, இத்தாலி நாடுகளின் எல்லையில், ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், பனியில் உறைந்து கிடந்த ஒரு மனிதனின் உடலை மலையேறிகள் கண்டார்கள். சோதித்தபோது அவன் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. புல் வைத்துத் தைத்த காலணியும், செம்புக் கோடரியும் அவனிடம் இருந்தன. அந்தச் செம்பு இத்தாலியின் நடுப்பகுதியான தஸ்கனியிலிருந்து வந்தது என்று பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். தோளில் அம்பு பாய்ந்து இறந்தவன் அவன். பனிமூடிய அந்த உச்சிக்குக்கூட ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் ஏறியிருக்கிறான். அங்கேயும் அவனுக்குப் பின்னால் பகைவன் ஒருவன் ஏறியிருக்கிறான். வழி நல்லவனுக்கும் வழி, கெட்டவனுக்கும் வழி. இதை நினைவில் வையுங்கள். பிறகு இதற்கு வருவேன்.

நான் குருமாணவனாக இருந்த நாளில், செண்பகனூரில் சேசு சபையார் நடத்தும் அருங்காட்சியகத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பழனி மலைச் சரிவுகளில் பாறைமேல் பலகைக் கற்களை நட்டு, மேலே மூடுகல் வைத்த பழைய கல்வீடுகள் ஏராளம் உண்டு. இறந்தவர்களுக்காக எழுப்பியவை. அந்தக் குருமடத்துச் சேசு சபைக் குருக்களான ஆங்கிலேடு அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் அவற்றை மலை மலையாக நடந்து தேடி, அளந்து, படம் வரைந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பாடம் சொல்லிக் கொடுத்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் செய்த வேலை அது! அந்தக் கல்வீடுகளின் படத்தின் முன் நின்றபோது எனக்கு ஒன்று பட்டது. வழிப்போக்கன் கடந்து போகிற இடத்தில் கல்லைத் தூக்கி வீடு கட்டமாட்டான். இறந்தவரை அடக்கம் செய்து கல் நட்டார்கள் என்றால், மீண்டும் மீண்டும் அங்கே வந்தார்கள் என்று பொருள். மலைத்தடத்தில் வந்தவர்கள் தம் பின்னோருக்கு அடையாளம் வைத்துப் போனார்கள்.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால் சான்றுகள் பெருகுகின்றன. பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைக் கூட்டத்தையும், சுங்கம் வாங்கும் பெருவழியையும் பாடுகிறது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியின் காதக் கற்கள் கிடைத்துள்ளன. இன்ன ஊருக்கு இத்தனை காதம் என்று அவற்றில் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனும் விரலால் தடவி எண்ணிக்கொள்ள, அதே எண்ணைச் சிறு குழிகளாகவும் தோண்டி வைத்திருக்கிறார்கள். அன்பார்ந்தவர்களே, இந்தக் குழிகளை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தான் அறியாத ஒருவன், தனக்குப் பின்னால் ஒரு நாள் வருவான், அவனுக்கு எழுத்துத் தெரியாமல் இருக்கலாம் என்று எண்ணிய அந்தக் கல்தச்சன் யாரோ! பெயர்கூட வைத்துப் போகவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். கீழே இருந்து உப்பும் கருவாடும் துணியும் கருப்பட்டியும் மேற்கே போயின. மலைக்கு அப்பாலிருந்து மிளகும் சுக்கும் பாக்கும் வந்தன. காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலின் தலக்கதையை நம் இந்து சகோதரர்கள் சொல்வார்கள். மலைத்தடத்தில் பொதிமாடு ஓட்டி வந்த வணிகர்களின் மாடு ஒரு கல்லில் இடறியது. கல்லிலிருந்து இரத்தம் பீறிட்டது. அங்கே கோயில் எழுந்தது என்பது அந்தக் கதை. கதையின் சமயப் பொருள் அவர்களுக்கு உரியது. ஆனால் அந்த மலை வழியாகப் பொதிமாடு போன நினைவு அதில் பத்திரமாக இருக்கிறதல்லவா? ஆடி அமாவாசைக்கு அங்கே மக்கள் திரண்டு போவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

வழியோரத்துச் சுமைதாங்கிக் கற்களையும் மறக்கலாகாது. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வைத்தால் முடிந்தது வேலை. தலைச்சுமைக்காரர் பிறர் கை உதவியில்லாமல் இறக்கி வைக்கவும், மீண்டும் தலையில் ஏற்றவும் சரியான உயரம். பிள்ளைச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் அதை நட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்ற துக்கத்தை, முகந்தெரியாதவர் சுமையை இறக்க உதவுவதன் மூலம் ஆற்றிக்கொண்டார்கள். இதைவிடச் சிறந்த பிரசங்கத்தை நான் குருமடத்தில்கூடக் கேட்டதில்லை.

1904-இல் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் குடைந்து, புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு இரயில் ஓடியது. 2018-இல் அது அகலப்பாதையாயிற்று. நம் பேட்டை நிலையத்தில் நின்று போகும் வண்டி, பழைய கால்நடைத் தடத்தை ஒட்டியே ஓடுகிறது. பொறியாளர்கள் அளந்து கண்ட வழியும், யானையும் காணியும் நடந்து கண்ட வழியும் அதிக தூரம் விலகவில்லை.

இப்போது ஆரல்வாய்மொழிக்கு வருவோம். இந்தக் கணவாய் நம் கத்தோலிக்க மக்களுக்குப் புனிதமானது. திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த ஒருவர், டி லனாய் என்ற டச்சுத் தளபதி வழியாக இயேசுவை அறிந்தார். திருமுழுக்குப் பெற அவர் இந்தக் கணவாயைக் கடந்து கிழக்கே, நம் மாவட்டத்து வடக்கன்குளத்துக்கு வந்தார். 1745-இல் புத்தாரி அடிகளார் அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டுத் திருமுழுக்கு அளித்தார். பல துன்பங்களுக்குப் பிறகு, 1752 ஜனவரி 14-ஆம் நாள், அதே கணவாயின் ஓரத்தில் உள்ள காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். விசுவாசத்தைத் தேடி நடந்த வழியும் அதற்காக உயிர் கொடுத்த இடமும் ஒரே தடத்தில் அமைந்தன. தொடக்கக் காலத்தில் கிறிஸ்தவ வாழ்வுக்கே ‘நெறி’ என்று பெயர் வழங்கியதைத் திருத்தூதர் பணிகள் நூலில் காண்கிறோம். நெறி என்றாலும் வழிதான்.

அந்தக் கணவாயின் குறுக்கே திருவிதாங்கூர் அரசர்கள் மதில் எழுப்பி, வாசல் வைத்து, காவல் போட்டிருந்தார்கள். 1809 பிப்ரவரியில் ஆங்கிலக் கம்பெனிப் படை அந்த அரணைக் கைப்பற்றியது. இன்று மதில் சிதைந்து போயிற்று. வழியோ இன்னமும் வழியாகவே இருக்கிறது. மதிலுக்கு ஆயுள் குறைவு; வழிக்கு ஆயுள் அதிகம்.

மதில் என்றதும் உங்களில் சிலருக்கு நான் எங்கே வருகிறேன் என்று புரிந்திருக்கும்.

சென்ற ஆண்டு பொன்விழாவை முன்னிட்டு நம் கோயில் வளாகத்தின் மேற்கே சுற்றுச்சுவர் கட்டினோம். அங்கே வாய்க்கால் கரையிலிருந்து நம் வளாகத்தின் ஓரமாகப் பெரிய சாலைக்கு ஒரு நடைத்தடம் இருந்தது. இரவில் சிலர் வந்து குடித்தார்கள். புட்டிகளை உடைத்துப் போட்டார்கள். ஆடுகள் வந்து செடியைக் கடித்தன. காரணம் நியாயமானதே. பங்குப் பேரவை தீர்மானித்தது, நான் கையெழுத்திட்டேன். சுவர் எழும்பி முடிந்த மறுநாள் காலையில், பீடி இலை மூட்டையோடு ஓர் ஆச்சி வந்து நின்றார்கள். நம் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர். “சாமி, தடத்த அடச்சிட்டியளே, இனி நாங்க எந்த வழியா போவ?” என்று கேட்டார்கள். “இது கோயில் இடம் ஆச்சி, பட்டா இருக்கு” என்றேன். “பட்டா இருக்கட்டும் சாமி. எங்க மாமியா காலத்துலயே இது தடம்லா” என்று சொல்லிவிட்டு, மூட்டையை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு சுற்றுவழியே போனார்கள். தூக்கிவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சுற்றுவழி என்பது லாரிகள் பாயும் பெரிய சாலை. இரண்டு வாரம் கழித்து, முன்பு அந்தத் தடத்தில் பள்ளிக்குப் போய்வந்த ஒரு சிறுவனை அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள் மோதிக் கால் முறிந்தது. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். அவனுடைய தாய் என்னைக் குறை சொல்லவில்லை. ‘சாமி வந்து பார்த்தீகளே’ என்று நன்றிதான் சொன்னார். குறை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பழைய வழிகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்த நான், என் கண் முன்னே இருந்த பழைய வழியை ஒரு கையெழுத்தால் மூடினேன்.

குடிகாரர் வருவார்களே என்பீர்கள். வருவார்கள். ஆல்ப்ஸ் மலை உச்சிக்கே பகைவன் ஏறி வந்தான் என்று சொன்னேன் அல்லவா? கெட்டவன் வருவான் என்பதற்காக யாரும் கணவாயை மூடவில்லை. வாசல் வைத்தார்கள், காவல் வைத்தார்கள்.

ஆகவே பொன்விழாவை ஒட்டி உங்களிடம் என் விண்ணப்பம் இது. அந்த மேற்குச் சுவரில் ஆள் நடக்கும் அளவுக்கு ஒரு வாசல் திறப்போம். வண்டி நுழையாதபடி நடுவில் ஒரு கல் நடுவோம். விடியற்காலை முதல் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கட்டும், பிறகு பூட்டுவோம். பூட்டித் திறக்கும் பொறுப்பை அன்பியங்கள் மாதம் ஒன்றாக முறைவைத்து ஏற்கலாம். வாசல் ஓரத்தில் தலைச்சுமையை இறக்கி வைக்கத் தக்க உயரத்தில் ஒரு கல் மேடையும், ஒரு தண்ணீர்ப் பானையும் வைப்போம். பணம் எங்கே என்று கேட்பீர்கள். சாலையோரத்தில் பொன்விழா நினைவு வளைவு கட்ட ஒதுக்கிய தொகை இருக்கிறது. அந்த வளைவில் என் பெயரையும் பொறிப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம். காதக் கல்லில் குழி தோண்டியவன் தன் பெயரைப் பொறிக்கவில்லை.

வளைவுக்கென்று நன்கொடை தந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு பைசாவும் மாற்றுவதற்கில்லை. வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு பேரவை கூடுகிறது. வந்து உங்கள் மனத்தில் உள்ளதைத் தாராளமாகச் சொல்லுங்கள். எதிர்த்துச் சொல்வதானாலும் சொல்லுங்கள். தீர்மானம் எதுவானாலும், அந்த ஆச்சியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது என் கடமை. அதை நான் பேரவைக்காகக் காத்திராமல் செய்வேன்.

ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லைச் சுமந்து நடந்தவன் முதல், இன்று பீடி இலை சுமந்து நடக்கும் தாய் வரை, ஒருவர் கால்தடத்தில் மற்றவர் கால் வைத்து வந்ததால்தான் நமக்கு வழி என்ற ஒன்று இருக்கிறது. நம் பேட்டை அந்த வழியில் ஒரு தங்குமிடம். நம் கோயிலும் அப்படியே. ஐம்பது ஆண்டுகளாக இங்கே இறக்கி வைக்கப்பட்ட சுமைகளை இறைவன் அறிவார். இனி வருகிறவர்களுக்கும் இந்த இடம் திறந்திருக்கட்டும்.

இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!